உங்களுக்குத் தெரியுமா? பூண்டி ஏரி ‘இன்ட்’டில் அடங்காது!

ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட் வழியாகக் கிருஷ்ணா நீர் வந்து சேரும் பூண்டி ஏரியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இதைக் கன அடியாக்க, சி மொழியில் 3231 * 1000000 என்று எழுதினால் 323.1 கோடி வர வேண்டும். ஆனால் முழு எண் வகையான 32 பிட் இன்ட் தாங்குவது 2,14,74,83,647 வரைதான். விடை நிரம்பி வழிந்து, பெரும்பாலும் -1,06,39,67,296 என்று அச்சாகும்.

விடையை 64 பிட் லாங் லாங் மாறியில் வைத்தால் போதாதா? போதாது. பெருக்கப்படும் இரண்டு எண்களும் இன்ட் என்பதால் பெருக்கலும் இன்ட் அளவிலேயே நடக்கிறது. வகைமாற்றம் அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே கெட்டுப்போன பாலைப் பெரிய குடத்துக்கு மாற்றி என்ன பயன்? லாங் போதும் என்பார்கள் சிலர். 64 பிட் லினக்ஸில் அது சரி. விண்டோஸிலோ லாங் 32 பிட்தான். அன்சைன்ட் இன்ட் சுமார் 429 கோடி வரை தாங்கும், பூண்டியும் அடங்கும். ஆனால் 1983 கிருஷ்ணா நீர் ஒப்பந்தப்படி தமிழகத்துக்கு ஆண்டுதோறும் வரவேண்டிய 12 டிஎம்சி, அதாவது 1,200 கோடி கன அடி, அதிலும் அடங்காது. எனவே பெருக்கும் முன்பே ஓர் எண்ணை அகலப்படுத்துவதுதான் வழி: 3231-ஐ அடுத்து ‘எல்எல்’ என்று ஒட்டுங்கள். சி99 தரம் லாங் லாங் வகையை முறைப்படி ஏற்றிருக்கிறது.