பட்டறைக்கல் பாடினால் மட்டும் போதுமா?

பொங்கலுக்கு மண்பானை வாங்கப் போகும் நம் வீட்டுப் பெண்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். ‘டங்’ என்று கேட்டால் பானை கைக்கு வரும். ‘டொக்’ என்று கேட்டால் கடையிலேயே இருக்கும். கண்ணுக்குத் தப்பும் கீறல் காதுக்குத் தப்புவதில்லை.

கொல்லன் பட்டறையிலும் இதே கணக்குதான். இரும்பைக் காய்ச்சி, மேலே வைத்து அடிக்கிறோமே, அந்தப் பட்டறைக்கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் தட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடவும் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் வந்திருக்கிறோம்.

தோட்ட வேலையை விட்டுவிட்டு, சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய்ப் பக்கம் சிறு பட்டறை போட்டுப் பிழைக்கலாம் என்று எண்ணும் பிள்ளைகள் உண்டு. செம்பனை அறுக்கும் அரிவாளும், பாராங்கும், மண்வெட்டியும் இருக்கும்வரை அதற்கு வேலையும் இருக்கும். புதுக்கல் விலைக்குக் கட்டாது. பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே கைக்காசைப் போட்டுவிட்டு ஏமாந்து நிற்கக் கூடாது, பாருங்கள்.

இரும்புத் தொழில் நம் கெடாவுக்குப் புதிதும் அல்ல. பீடோங்கை அடுத்த சுங்கை பத்துவில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டிப் பார்த்தார்கள். இரும்பு உருக்கிய உலைகளும், மண்ணால் செய்த துருத்திக் குழாய்களும், இரும்புக் கசடும் குவியல் குவியலாகக் கிடைத்தன. தமிழர் கடாரம் என்று அழைத்த இந்த மண்ணில், சோழர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துருத்தி ஊதியிருக்கிறார்கள்!

சத்தம் என்ன சொல்லும்?

தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு மணியாக அடித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தொங்கும்போது ‘கணீர்’ என்று தோட்டம் முழுக்கக் கேட்கும். அதே துண்டை மண்ணில் கிடத்தி அடித்தால் சத்தம் செத்துவிடும். இரும்பு தடையில்லாமல் அதிர்ந்தால்தான் ஓசை.

பட்டறைக்கல்லும் அப்படியே. உள்ளே வெடிப்பு இருந்தால் அதிர்வு அங்கே உடைந்து, ஓசை மங்கிப் போகும். முன்பு இரயில் வண்டி நின்றதும் ஒருவர் நீளக் கைப்பிடிச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவாரே, அவர் தேடியதும் இந்த வெடிப்பைத்தான்.

பீட்டர் ரைட் போன்ற பழைய ஆங்கிலேயக் கற்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. அவற்றின் உடல் தேனிரும்பு. மேல் முகம் எஃகுத் தகடு. இரண்டையும் காய்ச்சி, அடித்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு எங்காவது விட்டிருந்தால், அந்த இடத்தில் மட்டும் சத்தம் பொத்தலாகக் கேட்கும். ஆகவே ஒரே இடத்தில் தட்டிவிட்டுத் தலையாட்டாதீர்கள். கொம்பு முனையிலிருந்து வால்வரை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் எஃகு விளிம்பு தெறித்துக் கண்ணில் பாயும்.

தட்டுவதற்கு முன் இன்னொன்றையும் கவனியுங்கள். கல்லின் இடுப்பில் சங்கிலி சுற்றியிருக்கிறதா? காந்தம் ஒட்டியிருக்கிறதா? மண்ணில் புதைந்து கிடக்கிறதா? இதில் எது இருந்தாலும் நல்ல கல்லும் ஊமையாகும். கெட்ட கல்லின் குறையும் மறைந்துபோகும். “தவுக்கே, இதைக் கொஞ்சம் கழட்டுங்க, கட்டை மேலே தூக்கி வைங்க” என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

சத்தம் எதைச் சொல்லாது?

“அண்ணே, கோயில் மணி மாதிரி கேக்குது பாருங்க!” என்று கடைக்காரர் சொல்லலாம். அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் தீ விபத்தில் வெந்த கல்லும் கணீர் என்றே பாடும். தீயில் காய்ந்து மெல்ல ஆறும்போது எஃகின் துவைச்சல் போய்விடுகிறது, சத்தமோ போவதில்லை. அந்தக் கல்லில் வேலை செய்தால் முகம் குழி விழும், உங்கள் கைதான் ஓயும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. அமெரிக்காவில் ஃபிஷர் கம்பெனி வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகம் வைத்துக் கழுகுச் சின்னத்தோடு செய்த கற்கள் சத்தமே போடாது. ஆனால் வேலைக்கு அருமையானவை.

ஆகவே, வெடிப்பைக் கேட்கக் காது. கடினத்தைப் பார்க்கக் குண்டு. லாரிப் பட்டறையில் அரை அங்குலத்துக்குக் குறையாத பேரிங் குண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கல்லின் முகத்தில் அடிக்கோலை நிறுத்தி, 10 அங்குல உயரத்திலிருந்து குண்டை விடுங்கள். 8 அங்குலம் துள்ளினால் நல்ல கல். பாதிகூட எழும்பவில்லை என்றால் அது வெறும் வார்ப்பிரும்பாகவோ, தீயில் வெந்த கல்லாகவோ இருக்கும். இதையும் பல இடங்களில் செய்து பாருங்கள்.

எடையிலும் ஏமாற வேண்டாம். பழைய ஆங்கிலேயக் கற்களின் பக்கவாட்டில் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண்ணை 112ஆலும், இரண்டாவதை 28ஆலும் பெருக்கி, மூன்றாவதைக் கூட்டினால் இராத்தல் கணக்கு வரும். 1–2–7 என்றிருந்தால் 112, 56, 7. மொத்தம் 175 இராத்தல், ஏறக்குறைய 79 கிலோ. 127 கிலோ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்!

வாங்கிய பிறகு

வாங்கும்போது கழற்றச் சொன்னோமே, அந்தச் சங்கிலியை வீட்டுக்கு வந்ததும் நீங்களே சுற்றிவிடுங்கள். கணீர் சத்தம் வாங்கும் நாளுக்குத்தான் நல்லது. நாள்தோறும் கேட்டால் காது போய்விடும். 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள் சொல்கின்றன. கல்லைக் கனமான மரக்கட்டையில் இறுக்குங்கள், காதில் அடைப்பானும் வையுங்கள்.

உள்ளம் ஒட்டாதவர் நட்பை வள்ளுவர் ‘கூடா நட்பு’ அதிகாரத்தில் பட்டடைக்குத்தான் ஒப்பிட்டார். வெளியே தாங்குவதுபோல் இருந்து, சமயத்தில் அடி விழ வைக்குமாம். முகமும் உடலும் ஒட்டாத கல்லும் அப்படித்தான். பட்டறை போட நினைக்கும் தம்பிமார்களே, அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு குண்டு, ஓர் அடிக்கோல். இந்த மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். முடிந்தால் அனுபவமுள்ள ஒரு பெரியவரையும் கூட்டிப் போங்கள். நல்ல கல் ஒன்று அமைந்தால், அது உங்கள் பிள்ளைகள் காலத்துக்கும் நின்று சோறு போடும்.