கட்டிப் போட்ட நாய் கடிப்பது ஏன்?
நாயின் சுபாவம் அறிந்து வளர்க்கும் முறை

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் நகரின் எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது கோரிமேடு. ஜிப்மர் மருத்துவமனை இங்குதான் உள்ளது. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ளச் சுற்று வட்டார மக்கள் நாடி வரும் இடம் இது. நாய்க்கடி என்றதும் தெரு நாயைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் சோறு போட்டு, பெயர் வைத்து வளர்த்த வீட்டு நாயே கடித்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் கடிபடுவது வீட்டுக் குழந்தையாக இருப்பதுதான் வேதனை.

இப்படி ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். வீட்டின் பக்கவாட்டில் 3 அடிச் சங்கிலியில் ஒரு நாய் கட்டப்பட்டிருக்கிறது. குட்டியாக இருந்தபோது எல்லோரும் கொஞ்சினார்கள். வளர்ந்ததும் சங்கிலி வந்தது. காலையும் மாலையும் தட்டில் சோறு வரும். மற்ற நேரம் யாரும் அதன் அருகில் போவதில்லை. இரவெல்லாம் குரைக்கிறது என்று பக்கத்து வீட்டார் குறை சொல்கிறார்கள். ஒரு நாள் சோறு தின்னும்போது 4 வயதுக் குழந்தை தட்டருகே போகிறது. நாய் உறுமுகிறது. "சோறு போட்ட வீட்டிலேயே உறுமுகிறாயா?" என்று குடும்பத் தலைவர் குச்சியால் நாலு அடி போடுகிறார். அதன்பின் நாய் உறுமுவதில்லை. திருந்திவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அடுத்த மாதம் அதே குழந்தை அருகில் போனபோது நாய் சத்தமே இல்லாமல் பாய்ந்து கன்னத்தில் கடித்துவிடுகிறது.

நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்பார்கள் சிலர். துரோகம் செய்துவிட்டது என்பார்கள் வேறு சிலர். உண்மையில் இந்த நாய் பேசிய பாஷை அந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்பதே விஷயம்.

உறுமல் ஓர் எச்சரிக்கை

உறுமல் கெட்ட குணம் அல்ல. "எனக்குப் பயமாக இருக்கிறது, சற்று விலகிப் போ" என்று நாய் சொல்லும் முறை அது. உறுமும்போது அடித்தால் நாயின் பயம் போகாது. உறுமினால் அடி விழும் என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடித்துவிடும். ஆகவே நாய் உறுமினால் முதலில் குழந்தையை அப்பால் அழைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அது எதற்காக உறுமியது என்று யோசிக்க வேண்டும்.

உறுமலுக்கு முன்பே வேறு அடையாளங்களும் தெரியும். தலையைத் திருப்பிக்கொள்ளுதல், தூக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், உடலை விறைப்பாக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்றல் ஆகியவை நாய் சங்கடப்படுவதைக் காட்டும். குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது இவற்றைக் கண்டால் உடனே பிரித்துவிட வேண்டும்.

வாலை ஆட்டும் நாய் கடிக்காது என்ற நம்பிக்கையும் தவறு. உடல் முழுதும் குழைந்து, வால் தளர்ந்து ஆடினால் அது மகிழ்ச்சி. உடல் விறைத்து, வால் மேலே தூக்கி மெதுவாக ஆடினால் நெருங்கக் கூடாது.

வீட்டில் எதையாவது கடித்துக் குதறிவிட்டு நாய் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து, "தப்பு செய்தது அதற்கே தெரிகிறது" என்கிறோம். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட சோதனை இதற்கு வேறு விளக்கம் தருகிறது. தவறு செய்த நாய், செய்யாத நாய் இரண்டுமே எஜமானர் கண்டித்தபோது அந்த முகத்தைக் காட்டின. அது குற்ற உணர்வு அல்ல. கோபக் குரலுக்கு அஞ்சுவதே. ஆகவே எப்போதோ செய்த காரியத்துக்கு இப்போது அடிப்பதில் பயன் இல்லை.

குட்டிப் பருவமே அஸ்திவாரம்

நாயின் குணம் பெரும்பாலும் குட்டிப் பருவத்திலேயே உருவாகிவிடுகிறது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலில், சுமார் 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான காலத்தைக் குட்டி உலகைப் பழகிக்கொள்ளும் பருவம் என்று குறிப்பிட்டனர். இந்தக் காலத்தில் குழந்தைகள், முதியோர், சைக்கிள், மோட்டார் வண்டி, ஆடு மாடு, மற்ற நாய்கள் ஆகியவற்றைப் பயமின்றிப் பார்த்துப் பழகிய குட்டி பின்னாளில் நிதானமாக இருக்கும். ஒரு மூலையிலேயே அடைந்து வளர்ந்த குட்டிக்கு எல்லாமே பயம். பயந்த நாய்தான் கடிக்கிறது.

8 வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. கண் திறந்த உடனே வாங்கி வந்துவிட்டால் இந்தப் பாடம் இல்லாமல் போகும்.

இனத்துக்கு ஏற்ற வேலை

நாயின் தேவைகள் அதன் இனத்தைப் பொறுத்து மாறும். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டி ஓடப் பிறந்தவை. இவற்றை மாடியில் கட்டி வைத்தால் ஓடவேண்டிய கால்கள் சுவரைப் பிறாண்டும். கோம்பை காவலுக்குப் பெயர் பெற்றது. அந்நியரை எளிதில் ஏற்காது. ராஜபாளையம் காட்டுப் பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்ட இனம். வெள்ளை நிறமுள்ள இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் உண்டு. அத்தகைய நாயைத் தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். குட்டி வாங்கும்போதே அதன் பின்புறம் கைதட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகியவை 2020இல் தேசிய அளவில் நாய் இனங்களாகப் பதிவு பெற்றன. சாதாரண நாட்டு நாயும் சளைத்தது அல்ல. நம் வெப்பத்தைத் தாங்கும், நோய் குறைவு, புத்தி கூர்மை. கோரிமேடு போன்ற நெருக்கமான குடியிருப்பில் வளர்க்க இதுவே மிகப் பொருத்தம். அடர்ந்த மயிருள்ள குளிர்தேச நாய்களைக் கடலோரப் புழுக்கத்தில் வளர்ப்பது அவற்றுக்குத் தண்டனை.

சங்கிலியும் சட்டமும்

நாயை இரவு பகலாகக் கட்டி வைத்தால் அது நல்ல காவல் நாயாகும் என்பது பலர் எண்ணம். இது சரியல்ல. விலகி ஓட வழியில்லாத பிராணிக்கு எதிர்ப்பது ஒன்றே வழி. எனவே கட்டிய நாய் யாரைக் கண்டாலும் சீறும். திருடனுக்கும் தபால்காரருக்கும் வித்தியாசம் தெரியாது.

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிராணியை நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியே வைக்கும் நாயைத் தகுந்தபடி உலவ விடாமல் இருப்பதும் குற்றம் என்று நாயைக் குறிப்பிட்டே சொல்கிறது.

கட்டாயம் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு சுலபமான ஏற்பாடு உண்டு. இரண்டு கம்பங்களுக்கு இடையில், ஆள் உயரத்துக்கு மேல் கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையம் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டிவிட வேண்டும். நாய் கம்பியின் நீளம் முழுதும் போய் வரும். சங்கிலி கம்பத்தில் சுற்றிக்கொள்ளாதபடி இரு முனையிலும் போதிய தூரம் முன்பாகவே ஒரு தடுப்பு வைக்க வேண்டும். நிழலும் தண்ணீரும் அதன் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

மூக்குக்கு வேலை

நாய் உலகைக் கண்ணால் அறிவதைவிட மூக்கால் அறிகிறது. அதன் மோப்ப சக்தி நம்முடையதைவிடப் பல மடங்கு அதிகம். நாம் கேட்க முடியாத உச்ச ஒலிகளும் அதற்குக் கேட்கும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு அது நடுங்கும். அந்த வேளையில் வீட்டின் உள்ளறையில் இருக்க இடம் தர வேண்டும்.

தினம் இரு வேளை நடத்திச் செல்வது அவசியம். வெயிலில் தார் ரோட்டில் அழைத்துச் செல்லக் கூடாது. புறங்கையைத் தரையில் 5 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் ஏற்ற நேரம். வழியில் மரத்தடியையும் கம்பத்தையும் முகர நின்றால் இழுக்காமல் விட்டுவிட வேண்டும். நமக்குப் பத்திரிகை படிப்பது எப்படியோ, நாய்க்கு முகர்வது அப்படி. அரைமணி நேரம் முகர்ந்து திரிந்த நாய் வீடு வந்து அமைதியாகப் படுக்கும்.

செலவில்லாத வேறு வழிகளும் உண்டு. சோற்றில் ஒரு பங்கை உருண்டையாகப் பிடித்து, நாலைந்து கொட்டாங்கச்சிகளில் சிலவற்றின் கீழ் மட்டும் வைத்துத் தேட விடலாம். தோட்டத்தைப் பறிக்கும் நாய்க்கு ஒரு மூலையில் மணல் கொட்டி நனைத்து வைத்தால் அங்கேயே பறித்துப் படுத்துக்கொள்ளும். பறிப்பது குறும்பு அல்ல. குளிர்ந்த மண்ணைத் தேடுகிறது. நாய்க்கு மனிதனைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல்கூடத் தூங்கும். தூங்கும் நாயையும் தின்னும் நாயையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

அடித்துப் பழக்க வேண்டாம்

நாயை அடக்கி ஆள வேண்டும், இல்லாவிட்டால் அது தலைவனாகிவிடும் என்று சொல்வதுண்டு. கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுந்த கருத்து இது. 1970இல் தம் நூலில் இதை எடுத்துரைத்த அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்களை நேரில் கவனித்தபின் 1999இல் தாமே திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பமே.

அடித்துப் பழக்கிய காளை எந்த நேரம் முட்டும் என்று தெரியாது என்பது விவசாயிகள் அறிந்ததே. நாயும் அப்படித்தான். சொன்னபடி செய்ததும் ஒரு துண்டு கருவாடோ பிஸ்கட்டோ கொடுத்துத் தட்டிக் கொடுத்தால் போதும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் "உட்கார்" என்றும் மற்றவர் "சிட்" என்றும் சொன்னால் நாய் குழம்பும்.

குணம் திடீரென மாறினால் முதலில் வலியைச் சந்தேகிக்க வேண்டும். காதில் சீழ், பல் வலி, மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எதுவானாலும் சாதுவான நாயும் சீறும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அதற்கு மேல் போனால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிகிச்சை வசதி உண்டு.

கடித்துவிட்டால்

நாய் கடித்த இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள் எதுவும் தடவக் கூடாது. பிறகு தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் வீட்டு நாய்தானே, பத்து நாள் பார்ப்போம் என்று காத்திருப்பது ஆபத்து. ஊசியைத் தொடங்கிவிட்டு, நாயையும் 10 நாள் கவனிக்க வேண்டும். தோல் கிழிந்த கடியானால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரதமும் போடுவார்கள். வெறிநோயின் அறிகுறி கண்டபின் பிழைப்பது மிக அரிது.

வெறிநாய்க்கடிக்கான தடுப்பு மருந்தை 1885இல் பிரான்சில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தினார். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தைப் பற்றியது. அதன் தயாரிப்பு நம் நாட்டில் 2004இல் நிறுத்தப்பட்டது. இப்போது கையில் சில தவணைகள் போட்டால் போதும். எந்தத் தவணையையும் விட்டுவிடக் கூடாது.

நாய்க்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். பெட்டை நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டால், பிறந்த குட்டிகளைச் சாலையோரம் விட்டுவரும் பாவம் நேராது.

அந்த வீட்டு நாயை என்ன செய்யலாம்? எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். அப்படி விட்டால் அது வேறொரு ஊரில் வேறொரு குழந்தையைக் கடிக்கும். குழந்தைக்குச் சிகிச்சையை ஒரு தவணையும் விடாமல் முடித்து, நாயையும் 10 நாள் தனியே வைத்துக் கவனித்தபின், அதற்கு வலி ஏதும் உண்டா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். சோற்றை யாரும் நெருங்காத இடத்தில் வைக்க வேண்டும். 3 அடிச் சங்கிலிக்குப் பதில் ஓடு கம்பி, தினம் இரு வேளை நடை, அடிக்குப் பதில் அரவணைப்பு. பெரியவர் துணையின்றிக் குழந்தையும் நாயும் ஓரிடத்தில் இருக்கவே கூடாது. இவ்வளவும் செய்ய நேரமும் மனமும் இல்லாதவர்கள் நாய் வளர்க்காமல் இருப்பதே நாய்க்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.