கூடப் போகிறவர் கேட்கக்கூடாத கேள்வி

பாலியல் வன்முறைக்குள்ளான ஒருவர் வாய் திறந்தால் எம்மவர் உடனே கேட்பது, “ஆர் செய்தது? எப்படி நடந்தது?” கணக்காளரான எமக்கும் கணக்குக் கேட்பதுதான் பழக்கம். ஆனால் ஜேர்மனியில் துணையாகச் செல்லும் தொண்டர் அதைத்தான் கேட்கக்கூடாது. வழக்கு வந்தால் தொண்டரையும் சாட்சியாக அழைக்கலாம். தொண்டர் என்பதற்காகச் சாட்சியம் சொல்ல மறுக்க முடியாது.

மைன்ஸ் நகரில் 1976 இல் தொடங்கிய ‘வைசர் றிங்’ அமைப்பின் தொண்டர்கள் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போகிறார்கள். பொலிஸ் விசாரணையின்போது நம்பிக்கைக்குரிய ஒருவரை அருகில் இருத்தும்படி பாதிக்கப்பட்டவர் கேட்கலாம். ஆனால் வன்புணர்வு பற்றி முறைப்பாடு செய்தபின் மனம் மாறினாலும் விசாரணை நிற்காது. ஆகவே முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். நாம் அவசரப்படுத்தவும் கூடாது, மானத்தைச் சொல்லித் தடுக்கவும் கூடாது. அதுவரை தடயம் அழியாமலிருக்க, பல மருத்துவமனைகள் பொலிசுக்கு அறிவிக்காமலே அதை எடுத்து வைக்கின்றன.

பெண்களுக்கான 116 016 என்ற இலவசத் தொலைபேசி உதவி 24 மணிநேரமும் உண்டு. அதன் மொழிகளில் தமிழ் இல்லை. அதற்காக மாமாவையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க இருத்தாதீர்கள். பொலிசில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், செலவு அரசினுடையது. எமது வேலை கூட இருப்பதும், காதில் விழுந்ததை வெளியே சொல்லாதிருப்பதுமே.