ஆறு இடம் மாற்றிய துறைமுகம்

கூடங்குளத்திலிருந்து உவரி, மணப்பாடு, குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர் வழியாகத் தூத்துக்குடி வரை நீளும் கடற்கரை, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்றது. ஆயினும், டேனியக் கோட்டைக்குள்ளேயே அருங்காட்சியகம் அமைந்த தரங்கம்பாடியைப் போல, பழைய துறைமுக நகரம் ஒன்றின் கதை முழுவதையும் ஒரே கூரையின்கீழ்க் காணும் வாய்ப்பு இக்கரையில் இல்லை. துறைமுகமே இங்கு ஓரிடத்தில் நிலைத்து நிற்காமல், கொற்கை, காயல் (இன்றைய பழையகாயல்), புன்னைக்காயல், தூத்துக்குடி என்று அடுத்தடுத்து இடம் மாறியதே அதற்குக் காரணம்.

அந்த மாற்றத்திற்குப் பெரும் காரணமாக அமைந்தது தாமிரபரணி. பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இந்த ஆறு, வெள்ளந்தோறும் கொண்டுவரும் வண்டலைக் கழிமுகத்தில், அதாவது ஆறு கடலோடு சேரும் இடத்தில், படியவிடுகிறது. வண்டல் மேடிட, வாய்க்கால் தூர்ந்து, கரை கிழக்கே நகர, கலம் நின்ற துறை காலப்போக்கில் வயலாகிவிடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு, தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கும் இடமாகக் குறிப்பிடும் கொற்கை, இன்று கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது.

இந்த இடமாற்றத்தை மண்ணைத் தோண்டிப் பார்த்து எழுதிய முன்னோடி, கூடங்குளத்தைப் போலவே இராதாபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த இடையன்குடியில் வாழ்ந்தவர் என்பது இப்பகுதி வாசகர்களுக்குத் தனிப் பெருமை தருவதாகும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் அறியப்படும் இராபர்ட் கால்டுவெல், 1841இல் இடையன்குடிக்கு வந்து குடியேறியவர். கொற்கையிலும் காயலிலும் தாம் செய்த ஆய்வைப் பற்றி 1877இல் கட்டுரை வெளியிட்டவர். 1881இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை நூலாக்கியவர். காயலில் அவர் கண்டெடுத்த சீனப் பீங்கான் ஓடுகள், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய துறை என்று அவ்வூரை வருணித்ததற்குத் துணைநிற்கின்றன. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவில்லமாகப் பேணப்படுவதால், தெற்கிலிருந்து புறப்படுவோர் அங்கிருந்தே தொடங்கலாம்.

அகழாய்வுப் பொருள்களைப் பொறுத்தவரை, திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் தமிழ்நாடு அரசு அமைத்துள்ள பொருநை அருங்காட்சியகம் முதன்மையானது. பொருநை என்பது தாமிரபரணியின் பழம்பெயர். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய மூன்று ஊர்களுக்கும் அங்குத் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. சிவகளையில் ஈமத்தாழி ஒன்றிலிருந்த நெல் கி.மு. 1155ஆம் ஆண்டளவிலானது என்று கணிக்கப்பட்டுள்ளது. கொற்கையில் 1968–69இல் நடந்த அகழாய்வில் கிடைத்த கரி, பொருளில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கரியின் அளவைக் கொண்டு வயதறியும் முறையில், கி.மு. 785ஐ ஒட்டியதெனத் தெரியவந்தது.

கொற்கைப் பொருள்களுள் பார்வையாளர் நின்று நோக்க வேண்டியவை அறுத்த சங்குத் துண்டுகள். வளையல் செய்வோர் சங்கின் முனையையும் உள்ளே சுருண்டோடும் நடுத்தண்டையும் கழித்துவிட்டு, எஞ்சிய பகுதியை வாளால் குறுக்கே அறுத்து வளையம் வளையமாக எடுத்து, உள்ளும் புறமும் தேய்த்து மெருகேற்றுவர். விலைபோன வளையல் ஊரை விட்டுப் போய்விடும். கழித்துப் போட்ட தண்டும் முனையுமோ பட்டறை இருந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே, அழகான ஒரு வளையல் அங்கு அதை அணிந்தவர் இருந்தார் என்று மட்டுமே சொல்ல, வாள்தடம் பதிந்த ஒரு கழிவுத் துண்டு அங்கொரு தொழிலே நடந்தது என்று மெய்ப்பிக்கிறது.

ஆதிச்சநல்லூரில் நிலைமை வேறு. 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா எடுத்த பொற்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. இந்தியத் தொல்லியல் துறை அண்மையில் கைக்கொண்ட முறையோ இதற்கு நேர்மாறானது: பொருளை அப்புறப்படுத்தாமல், தோண்டிய குழியின்மேல் கண்ணாடித் தளம் பரப்பி, ஈமத்தாழிகளைக் கிடந்த நிலையிலேயே பார்க்கச் செய்துள்ளது; 2023 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. தாழி எந்த மண்ணடுக்கில், எவ்வளவு நெருக்கத்தில், எதனருகே புதைக்கப்பட்டது என்பதைக் கண்ணாடிப் பேழைக்குள் தனியே நிற்கும் தாழி காட்டாது, இக்குழி காட்டுகிறது.

தூத்துக்குடிக்கு வரும்போது சான்றுகள் மண்ணுக்கு மேலேயே நிற்கின்றன. போர்த்துக்கீசியர் காலத்தில் வேரூன்றிய பனிமய மாதா கோயிலும், 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றிய வரலாறும் இந்நகர் ஐரோப்பிய வணிகப் போட்டியின் களமாக இருந்ததைச் சொல்ல, அப்போட்டிக்குத் தமிழர் தந்த மறுமொழி ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரனார் பிறந்த இல்லத்தில் நினைவுகூரப்படுகிறது. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கொழும்புக்கு விட்டது. ஆங்கிலேய நிறுவனத்தின் கட்டணக் குறைப்பையும், 1908இல் நிகழ்ந்த அவரது கைதையும் தாங்க முடியாமல் அது நொடித்தது.

இவற்றைப் பார்க்கச் செல்வோர் ஆற்றின் போக்கையே வழியாகக் கொள்வது நலம். ரெட்டியார்பட்டி, ஆதிச்சநல்லூர், கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், தூத்துக்குடி என்ற வரிசையில் சென்றால், காலமும் பெரும்பாலும் அதே வரிசையில் விரியும். கொற்கையிலும் பழையகாயலிலும் பார்ப்பதற்கு அதிகமில்லை என்று அவற்றைத் தவிர்ப்போர், அருங்காட்சியகத்தில் கண்ட சங்குத் துண்டு எந்த நிலத்திலிருந்து வந்தது, அந்த நிலத்தைக் கடல் ஏன் விட்டுச் சென்றது என்னும் இரு கேள்விகளுக்கும் விடை காணாமலே திரும்புவர்.