கும்பகர்ணனை எழுப்பலாமா?

1950-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு நாள். டென்மார்க் தேசத்தில் ஸில்கபோர்க் என்ற ஊருக்கு அருகே ஒரு குடும்பத்தார் அடுப்பெரிப்பதற்காகச் சதுப்பு நிலத்தில் கரிமண் வெட்டிக் கொண்டிருந்தார்கள். வெட்டிய குழிக்குள்ளே திடீரென்று ஒரு மனித முகம் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன. நெற்றியில் சுருக்கங்கள், முகவாயில் குத்துகுத்தாகத் தாடி மயிர், தலையில் தோல் குல்லாய், கழுத்தில் கயிறு. யாரோ சமீபத்தில் கொலை செய்து புதைத்துவிட்டார்கள் என்று எண்ணிப் போலீஸாருக்குச் சொல்லியனுப்பினார்கள். ஆராய்ந்து பார்த்ததில், அந்த மனிதன் இறந்து சுமார் 2,400 வருஷங்கள் ஆகிவிட்டன என்று தெரிய வந்தது!

இத்தனை காலம் அந்த உடல் ஏன் மக்கவில்லை? நம் ஊர் மண்ணில் புதைத்த வாழையிலை ஒரு மழைக்காலம் தாங்குவதில்லையே! மக்கச் செய்யும் கிருமிகள் அந்த மண்ணில் இல்லையா என்றால், கோடானுகோடியாக இருக்கின்றன. ஆனால் அவை கும்பகர்ணனைப் போல் உறங்கிக் கிடக்கின்றன. அந்த உறக்கத்தின் காரணத்தையும், மனிதர்களாகிய நாம் அதை எவ்வாறு கலைத்து வருகிறோம் என்பதையும் சிறிது பார்ப்போம்.

அந்தக் கரிமண்ணுக்குப் 'பீட்' என்று பெயர். குளிர்ந்த தேசங்களில், தண்ணீர் வடியாத நிலங்களில், ஸ்பாக்னம் என்னும் பாசி மெத்தை விரித்தாற்போல் படர்ந்து வளர்கிறது. அடியிலுள்ள பாசி மடிய, அதன் மேலேயே புதுப் பாசி தழைக்கிறது. மடிந்தது முற்றும் மக்கிப் போகாமல் கீழே அமிழ்ந்து பழுப்பு நிறமான மண்ணாகிறது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலே அதிகம். ஓர் ஆள் உயரத்துக்குப் பீட் சேருவதற்கு 2,000 வருஷங்கள் பிடிக்கலாம். உலகத்தின் நிலப்பரப்பில் இத்தகைய நிலம் நூற்றுக்கு 3 பங்குதான். ஆயினும், உலகிலுள்ள காடுகளின் மரஞ்செடிகளிலெல்லாம் அடங்கிய கரியைவிட இந்தச் சிறு பங்கு நிலத்தில் அடங்கிய கரி அதிகம். அவ்வளவும் ஒரு காலத்தில் காற்றிலே கரியமில வாயுவாக இருந்தது. பாசி அதை இழுத்து மண்ணுக்குள் பத்திரப்படுத்தியது.

இந்தப் பொக்கிஷத்தைக் கிருமிகள் தின்றுவிடாதபடி அவற்றுக்கு நான்கு விலங்குகள் பூட்டப்பட்டிருக்கின்றன. முதலாவது, தண்ணீர் தேங்கி நிற்பதால் பிராணவாயு உள்ளே இறங்குவதில்லை. இரண்டாவது, ஸ்பாக்னம் தன்னைச் சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கிவிடுகிறது. மூன்றாவது விலங்கைப் பற்றி 2001-இல் வேல்ஸைச் சேர்ந்த கிறிஸ் ஃப்ரீமனும் அவருடைய கூட்டாளிகளும் விளக்கினார்கள். பாசியிலும் செடிகளிலும் பீனால் என்னும் துவர்ப்பு வஸ்துக்கள் உண்டு. கிருமிகள் தங்கள் உணவைக் கரைக்கச் சுரக்கும் என்ஸைம் என்ற ரசங்களை இவை முடக்கிவிடுகின்றன. பீனாலை அழிக்கவல்ல என்ஸைமும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது வேலை செய்யப் பிராணவாயு வேண்டும். அதுதான் அங்கே கிடையாதே! எனவே கதவு தாழிட்டபடியே இருக்கிறது.

நான்காவது விலங்கு பசி. கிருமியின் உடலும் நம் உடலைப் போலவே நைட்ரஜன் இல்லாமல் அமையாது. பீட் மண்ணிலோ கரி ஏராளம். கிருமிகளுக்குக் கிடைக்கும் நைட்ரஜன் சொற்பம். சோறு மலைபோல் குவிந்திருந்தும் தொட்டுக்கொள்ள உப்புக்கல் இல்லாதவன் நிலைமைதான் கிருமிகளுக்கு. மேலும், இத்தகைய சதுப்புகளில் பலவற்றுக்கு ஆறும் இல்லை, ஊற்றும் இல்லை. மழையும் காற்றும் கொண்டு வருவதைத் தவிர வேறு போஷணை கிடையாது. வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்வது அவற்றுக்கு முழுவதும் பொருந்தும்.

அந்த வானம் இப்போது மாறிவிட்டது.

1909-இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஹேபர் என்ற ரஸாயன நிபுணர், காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக மாற்றிக் காட்டினார். 1913-இல் கார்ல் போஷ் அதையே பெரிய தொழிற்சாலையாக நடத்தத் தொடங்கினார். ரஸாயன உரம் பிறந்தது. இன்று உலக ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்த உரத்தின் பலத்தினால்தான் உணவு கிடைக்கிறது. ஆகவே அதைப் பழிப்பது நன்றி கெட்ட செயலாகும். ஆனால் வயலில் இட்டதெல்லாம் பயிருக்குள் போவதில்லை. ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் கலக்கிறது. மாட்டுப் பண்ணைகளின் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் அமோனியா எழுகிறது. மோட்டார் வண்டிகளும் ஆலைகளும் விடும் புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் இருக்கின்றன. இவையனைத்தும் காற்றோடு சென்று, உரமே கேட்காத சதுப்பு நிலத்தின் மேல் இறங்குகின்றன.

மழையை நம்பிய பீட் நிலம் ஹெக்டேருக்கு வருஷம் 5 முதல் 10 கிலோ நைட்ரஜனைத்தான் தாங்கும் என்று ஐரோப்பிய நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நெல் வயலுக்கு 100 கிலோவுக்கு மேல் இடுகிற நமக்கு இது ஒரு பிடி விபூதி போலத் தோன்றும். பாசிக்கோ அதற்கு மிஞ்சியது நஞ்சு.

இதை ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கேயுள்ள விம் என்ற சதுப்பில் சோதித்துப் பார்த்தார்கள். 2002-இல் தொடங்கிய அந்தச் சோதனையில், சில பாத்திகளில் நைட்ரஜனை மழை நீரைப்போல் தெளித்தார்கள். மற்றோரிடத்தில் துளையிட்ட குழாய் வழியாக அமோனியா வாயுவை, காற்று உரிய திசையில் வீசும்போது மட்டும் விட்டார்கள். தெளித்த இடத்தில் கேடு மெதுவாக வந்தது. வாயு பட்ட இடத்திலோ, குழாய்க்கு அருகே ஸ்பாக்னம் பாசியும் ஹெதர் என்னும் புதரும் சில வருஷங்களுக்குள் மாண்டு போயின. நைட்ரஜனின் அளவு மட்டுமல்ல, அது எந்த உருவில் வருகிறது என்பதும் முக்கியம் என்று இதனால் விளங்கியது.

பாசிக்கு நேர்வது இது. கிருமிகளுக்கு என்ன நேர்கிறது? லூகா பிரகாட்ஸா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒன்பது ஐரோப்பிய தேசங்களின் சதுப்புகளிலிருந்து, அண்மையில் மடிந்த பாசியை எடுத்து ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சில இடங்களில் வருஷத்துக்கு ஹெக்டேருக்குச் சுமார் 2 கிலோ நைட்ரஜனே விழுந்தது. சில இடங்களில் சுமார் 20 கிலோ. அதிகம் விழுந்த இடத்துப் பாசி விரைவாக மக்கிற்று. அதிலிருந்து கரியமில வாயு அதிகமாக எழுந்தது. நீரில் கரைந்து வெளியேறிய கரியும் அதிகமாயிற்று. கிருமிகளின் பசி தீர்ந்தது ஒரு காரணம். பாசியின் சருகே அவற்றுக்கு இணக்கமான உணவாக மாறிவிட்டது மற்றொரு காரணம். இராவணன் கும்பகர்ணனை எழுப்ப அவன் முன்னே அன்னத்தைக் குவித்தான் என்பார்கள். நைட்ரஜன் செய்வதும் அதுவே.

எல்லாக் கிருமிகளும் நமக்கு விரோதிகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பாக்னத்தின் நீர் நிறைந்த அறைகளில் ஒருவகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. அடியிலிருந்து எழும் மீத்தேன் என்ற வாயுவை அவை உண்டு, அதிலிருந்து பிறக்கும் கரியமில வாயுவைப் பாசிக்கே ஆகாரமாகத் தருகின்றன. அமோனியா மிகுந்தால் இந்த நண்பர்களின் வேலை தடைப்படக்கூடும். மீத்தேனைப் பற்றவேண்டிய அவற்றின் என்ஸைம் அமோனியாவைப் பற்றிக்கொள்கிறது. வேறு சில கிருமிகளுக்கு நைட்ரேட் கிடைத்தால், அதிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வலியது.

சிறிதளவு நைட்ரஜன் பாசியை வளர்க்காதா என்று கேட்கலாம். மிகவும் குறைவாக உள்ள இடத்தில் சிறிது வளர்க்கவும் செய்யும். ஆனால் கனடாவில் ஆட்டவா நகருக்கு அருகேயுள்ள மெர் ப்ளூ சதுப்பில், 2000-ஆம் ஆண்டு முதல் பல வருஷங்கள் நைட்ரஜனுடன் பிற உரங்களையும் இட்டுப் பார்த்தார்கள். அதிகம் இட்ட இடத்தில் புதர்கள் ஓங்கின. அவற்றின் நிழலில் பாசி மறைந்தது. நிலம் கரியைச் சேமிக்கும் சக்தியும் குறைந்தது. பார்வைக்குப் பச்சை, கணக்கிலே நஷ்டம்.

இதெல்லாம் எங்கோ குளிர்தேசத்துச் சங்கதி என்று நாம் வாளாவிருக்க இயலாது. நம் வயலில் எழும் அமோனியா ஸ்காட்லாந்துக்குப் போகப்போவதில்லை. பெரும்பாலும் அருகிலேயே விழும். ஆனால் நம் நீலகிரியின் பள்ளத்தாக்குகளிலும் பீட் உண்டு. நம் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அதைக் கொண்டு, சுமார் 20,000 வருஷத்து மழையையும் வறட்சியையும் படித்து 1993-இல் வெளியிட்டார்கள். மற்றச் செல்வங்களைக் காப்பதுபோல் அந்த ஏட்டையும் நாம் காக்க வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பகுத்து இடுவதும், வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து இடுவதும் நம் குடியானவர்கள் அறிந்தவையே. 2015-இல் நம் நாட்டில் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று சட்டமாயிற்று. 2019 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் சபையில் நைட்ரஜனைப் பற்றிய தீர்மானத்தைக் கொண்டு வந்த தேசம் இந்தியா. அவ்வருஷம் அக்டோபரில் கொழும்பு நகரில் கூடிய தேசங்கள், வீணாகும் நைட்ரஜனை 2030-க்குள் பாதியாகக் குறைப்பதை லட்சியமாக ஏற்றன.

உரத்தைக் கைவிட வேண்டியதில்லை. வயலில் இட்டது வயலிலேயே நிற்கும்படி செய்தால் போதும். மிச்சமாகும் யூரியா குடியானவனுக்கு லாபம். சதுப்பிலே உறங்கும் கும்பகர்ணனும் தன் பாட்டுக்கு இன்னும் சில ஆயிரம் வருஷங்கள் உறங்கிக்கொண்டிருப்பான்.