விரலுக்கு முன்னால் காது

ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர் ஒருவர் சற்றே பிசகினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூடி மறைத்துவிடுவார்கள். பிரெஞ்சு ஹார்ன் பிசகினால் கடைசி வரிசை வரை கேட்கும். பித்தளைக் கருவிகளிலேயே இதற்குத்தான் இந்தக் கெட்ட பெயர். கலைஞர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காரணம் குழாயில் இருக்கிறது. சுருளைப் பிரித்து நீட்டினால் எஃப் சுருதி ஹார்னின் குழாய் ஏறக்குறைய 12 அடி. டிரம்பெட்டுக்கு நாலரை அடிதான். எந்தக் குழாயானாலும், உதட்டை இறுக்க இறுக்க ஒன்றன்மேல் ஒன்றாகச் சில சுரங்கள் தாமாகவே எழும். இந்த ஏணியில் கீழ்ப்படிகள் விலகி நிற்கும். மேலே போகப் போக நெருங்கும். டிரம்பெட் தன் மூன்றாம் படியில் எழுப்பும் அதே சுரம் ஹார்னுக்கு எட்டாம் படி. அந்த இடத்தில் டிரம்பெட்டின் அடுத்த படி ஸட்ஜமத்திலிருந்து மத்யமம் இருக்கும் தூரத்தில் இருக்கிறது. ஹார்னிலோ ரிஷபம் அளவே இடைவெளி. உதடு மயிரிழை தவறினாலும் அடுத்த சுரம் வந்து நிற்கும்.

ஆகவே தொடக்கநிலை மாணவருக்கு முதலில் பழக்க வேண்டியது காதை. விரலால் இயக்கும் வால்வுகள் பிறகு வரட்டும் என்பது என் கட்சி. வரப்போகும் சுரம் மனத்தில் ஒலிக்காவிட்டால் உதடு எதைக் குறிவைக்கும்?

வால்வு வந்த பிறகு இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டோல்ட்சல், ப்ளூமல் என்ற இரு ஜெர்மானியர்கள் 1818இல் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன்பின் எல்லாச் சுரங்களும் கைக்கு எட்டின, உண்மைதான். ஆனால் வால்வு செய்வது ஒரே வேலை: குழாயின் நீளத்தை மாற்றுவது. நீளம் மாறினால் வேறோர் ஏணி கிடைக்கிறது, அவ்வளவே. எந்தப் படியில் கால் வைப்பது என்பதை உதடுதான் தீர்மானிக்கிறது. பியானோவில் கட்டையை அழுத்தினால் அதற்குரிய சுரம் நிச்சயம். ஹார்னில் ஒரே விரலமைப்பில் பத்துக்கு மேற்பட்ட சுரங்கள் காத்திருக்கின்றன. வால்வுக்கு முன்பே டிரெஸ்டன் நகரின் ஹார்ன் கலைஞர் ஹாம்பெல், கருவியின் விரிந்த வாய்க்குள் வலக்கையை நுழைத்து, ஏணியில் இல்லாத சுரங்களையும் வரவழைக்கும் முறையை வளர்த்தார். அவருடைய மாணவர் புண்டோவுக்காக 1800இல் பீத்தோவன் ஒரு சொனாட்டாவே எழுதினார். தன் நண்பரான ஹார்ன் கலைஞர் லாய்ட்கெப்புக்காக மொட்சார்ட் எழுதிய கன்செர்ட்டோக்களும் வால்வு இல்லாத ஹார்னுக்கானவைதான். (கையெழுத்துப் பிரதியிலேயே அந்த நண்பரைச் சீண்டி வைத்திருக்கிறார் மொட்சார்ட். கருவியின் கஷ்டம் தெரிந்தவர் செய்கிற கேலி அது.)

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆங்கில ஹார்ன் கலைஞர் டெனிஸ் பிரெய்னைப் போன்ற மேதையே 1951இல் பிரான்ஸில் செய்த தன் பழைய ஹார்னை விட்டு, 9 அடி நீளமுள்ள பி ஃபிளாட் ஹார்னுக்கு மாறினார். குழாய் குறுகினால் படிகள் விலகும், ஆபத்து குறையும். இதை மறுக்க முடியாது. எஃப், பி ஃபிளாட் இரண்டையும் ஒரே உடலில் அடக்கிய இரட்டை ஹார்ன் 1897இல் எர்ஃபர்ட்டில் பிறந்ததும் இந்தத் தேவையால்தான். சிறுவர்களுக்குக் குறுகிய குழாயைக் கொடுப்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆயினும் உச்சஸ்தாயியில் அங்கும் படிகள் நெருங்கிவிடுகின்றன. பிரெய்னுக்காக 1943இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய செரினேடின் முன்னுரையும் முடிவுரையும் இயற்கைப் படிகளில் மட்டுமே வாசிக்க வேண்டியவை. அதில் வரும் பதினொன்றாம் படி, சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் விழுவது. காது கூர்மையில்லாதவர் அதை வழக்கமான சுரமாகத் திருத்திவிடுவார்; இசையின் நிறமே போய்விடும்.

மாணவர் சலித்து ஓடிவிடுவார் என்பது ஆசிரியர்களின் கவலை. பள்ளி பாண்டில் சேர்ந்தவருக்கு அடுத்த மாதமே ஒரு மெட்டு வாசித்தாக வேண்டும். நியாயம்தான். ஆனால் வேட்டைக் கொம்பின் அழைப்புகள் நான்கைந்து படிகளிலேயே அமைந்தவை. முதல் வாரத்திலேயே பாட்டாக ஒலிக்கக்கூடியவை. அவற்றை முதலில் பாடிவிட்டு, பிறகு ஊதச் சொன்னால் போதும். வால்வை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. சில மாதங்கள் போதும். பாரிஸ் இசைக் கல்லூரித் தேர்வுக்காக இசையமைப்பாளர் பால் டூக்கா 1906இல் எழுதிய ‘வில்லனெல்’ படைப்பின் தொடக்கம், வால்வைத் தொடாமல் வாசிக்கவேண்டும் என்று குறிப்பிடுகிறது. காப்புரிமை பெற்று 88 ஆண்டுகள் கழிந்த பிறகும், தேறி வெளியே போகும் மாணவரிடம் அந்தக் கல்லூரி அதை எதிர்பார்த்தது.