நெய்வேலிப் புகையும் வயிற்றுப் பிள்ளையும்



விருத்தாசலத்துக்குக் கிழக்கே, பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் நெய்வேலிக்கு. அங்கே 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். முதல் அனல்மின் நிலையத்தை 2020இல் மூடிவிட்டார்கள். அதற்குப் பின் வந்தவை ஓடுகின்றன. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு. அதனால் "புகை என்ன செய்துவிடும்?" என்பாரும் உண்டு, "எல்லா நோயும் அந்தப் புகையாலேதான்" என்பாரும் உண்டு. இரண்டும் சரியில்லை.

பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம். ஆகவே நிறைய எரித்தால்தான் மின்சாரம் கிடைக்கும். வெளிவரும் சாம்பலில் பெரும்பகுதியைப் புகைபோக்கிக்கு முன்பே கருவி வைத்துப் பிடித்துவிடுகிறார்கள். தப்பிப் போவது மிக நுண்ணிய தூள். தலைமுடிப் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. கண்ணுக்குத் தெரியும் சாம்பல் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், தும்மினால் போச்சு. தெரியாத தூள்தான் நுரையீரலின் அடிவரை இறங்கி ரத்தத்திலும் கலக்கிறது. கூடவே வரும் கந்தகப் புகை இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது.

தாயின் ரத்தம்தானே வயிற்றுப் பிள்ளைக்குச் சோறும் காத்தும்? நுண்தூசி மிகுந்த காற்றைச் சுவாசிக்கும் தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவமும், இரண்டரை கிலோவுக்குக் கீழான பிள்ளையும் கூடுதலாக நேர்வதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நாள் தள்ளிப்போனதுமே நர்ஸம்மாவிடம் பதிவு செய்து, மாதாமாதம் எடை பாருங்கள்.

நிலக்கரியில் துளியளவு பாதரசமும் உண்டு. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். உலோகமும் உப்பும் போகாது. சாம்பல் குட்டையை ஒட்டிய வாய்க்கால் நீரும், அதில் பிடித்த மீனும் கர்ப்பிணிக்கு வேண்டாம். கிணற்று நீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்த பிறகே குடியுங்கள்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. சாம்பல் அள்ளும் வேலையானாலும், நம்மூர்ப் பீங்கான் பட்டறையில் மண் அரைக்கும் வேலையானாலும் சட்டையோடு தூசி வீட்டுக்கு வரும். வாசலில் உதறாதீர்கள். தண்ணீரில் நனைத்து நீங்களே அலசிப் போடுங்கள். குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

இன்னொன்று சொன்னால் கோபப்படக் கூடாது. நெய்வேலிப் புகைபோக்கி வானத்தில் இருக்கிறது. விறகடுப்பு முகத்துக்கு நேரே இருக்கிறது. கேஸ் வந்த வீட்டிலும் வெந்நீருக்கு விறகுதான்! அந்த அடுப்பையாவது வெளியே மாற்றுங்கள். மார்கழிப் பனியில் அடுப்புப் புகையும் ரோட்டுத் தூசியும் மேலே எழும்பாமல் தெருவிலேயே தங்கும். கர்ப்பிணிகள் வெயில் ஏறிய பிறகு கோலம் போட்டால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

பிள்ளை மூச்சு விடும்போது நெஞ்சுக்கூட்டின் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, விடியட்டும் என்று இருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். பெரியவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டிய இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை உண்டு, காசு கிடையாது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூசி நோய்க்கும் காசநோய்க்கும் இருமல் ஒரே மாதிரிதான் இருக்கும்.